மறுக்க வருபவர்கள் சீருடையில் வரவும்

அந்த ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லையென்றால் பின்னால் வருவதை வைத்து யாராவது தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பது முழுக்க முழுக்க நர்ஸின் சொந்த விருப்பம். விருப்பமில்லாதவர் தாராளமாக மறுக்கலாம். மறுப்பதற்கென்றே நிர்வாகம் ஒரு முறையை வகுத்து, அதற்குத் தனி அறை, தனி அதிகாரி, தனி ஏ.சி. எல்லாம் ஒதுக்கியிருந்தது. மறுக்க ஆரம்பித்தவர்களில் ஒருவர்கூட மறுத்து முடித்ததில்லை. நர்ஸ்களுக்கு வேலை அவ்வளவு பிடித்திருக்கிறது என்றுதான் நிர்வாகம் இதற்குப் பொருள் சொல்லிக்கொண்டது.

நம் கதையின் நர்ஸை எல்லோரும் 'சரிங்க சிஸ்டர்' என்பார்கள். பட்டம் வைத்தவர் யாரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். போன் அடிக்கும், எடுப்பாள், எதிர்முனை பேசி முடிப்பதற்குள் "சரிங்க மேடம்" என்பாள். எதற்குச் சரி சொன்னோம் என்று அப்புறம்தான் யோசிப்பாள். வரவேற்பறையில் 'இந்த மாதத்தின் இதயம்' என்று ஒரு கண்ணாடிச் சட்டம் உண்டு. மாதம் ஒரு நர்ஸின் படம் அதில் வரவேண்டும். இவள் படத்தையே கழற்றிக் கழற்றி மாட்டுவது வீண் வேலை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். பரிசாக ஒரு தலையணை கொடுப்பார்கள். வீட்டில் தலையணைகள் குவிந்து கிடந்தன. தலை வைக்கத்தான் ஆள் வீட்டில் இருப்பதில்லை.

மற்ற நர்ஸ்கள் இவ்வளவு மோசமில்லை, பொய் சொல்லப் பழகியிருந்தார்கள். லீவு நாளில் கூப்பிட்டால் வர இஷ்டமில்லை என்று சொல்ல அவர்களுக்கும் வாய் வராது, அதனால் உறவினர்களைச் சாகடித்தார்கள். பிரசவ வார்டு சிஸ்டர் ஒருத்தி தன் மாமனாரை ஒரே வருடத்தில் மூன்று முறை அடக்கம் செய்தாள். நிர்வாகம் மூன்று முறையும் மலர்வளையம் அனுப்பியது. கடைசியில் அந்த மனிதரே ரத்த அழுத்தம் பார்க்க வந்து, பூ ரொம்ப நன்றாக இருந்தது என்று வரவேற்பறையில் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் போனில் மறுப்பது செல்லாது, நேரில் வந்துதான் மறுக்கவேண்டும் என்ற விதி வந்தது. நேரில் வருபவர் சீருடையில் வரவேண்டும். மறுப்பதும் பணியின் ஒரு பகுதிதான் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

அன்றைக்குச் சரிங்க சிஸ்டருக்கு வார விடுமுறை. அதைவிடப் பெரிய விஷயம், அன்று மாலை நான்கு மணிக்கு அவள் மகளுக்குக் காது கேட்கப்போகிறது.

மகளுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை. காதுக்குப் பின்னால் ஆபரேஷன் நடந்து, காயம் ஆறி, வெளியே மாட்டும் கருவியை இயக்க அன்று நாள் குறித்திருந்தார்கள். கருவியை இயக்குகிற ஆடியாலஜிஸ்ட் அம்மா வேறு ஊரிலிருந்து எப்போதாவது வருபவர். நான்கு மணிக்கு விட்டால் அடுத்து எப்போது என்று அவருக்கே தெரியாது. அவர் ஒரு விஷயத்தை முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருந்தார்: "மொதல் சத்தத்துல கொழந்தை மெரண்டுடும். யார் மொகத்தப் பாத்தா அது அடங்குமோ அவங்க எதிர்ல இருக்கணும். கொழந்தை பயந்து கருவிய பிடுங்கிப் போட்டுடுச்சுன்னா அப்புறம் காதுகிட்டயே கொண்டுபோக விடாது."

அந்த முகம் அம்மாவின் முகம்தான். அப்பா நல்லவர், லிஃப்ட் மெக்கானிக், மகளுக்காக உயிரை விடுவார். ஆனால் உதட்டை மூடும் மீசை வைத்திருந்தார். உதடு தெரியாத ஆளை அந்தக் குழந்தை நம்பாது.

உதட்டைப் பார்த்தே அது எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும். அம்மாவின் உதட்டில் அது மிக நன்றாகப் படித்திருந்த வார்த்தை 'சரிங்க'. ஒரு சோப்பு டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வாயைச் 'சரிங்க' என்று அசைத்து, உடனே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடும். அதுதான் அதற்குத் தெரிந்த அம்மா விளையாட்டு. அம்மா ஒரு வாரமாகச் சமையலறையில் வேறொரு வார்த்தையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் முதன்முதலாகக் கேட்கவேண்டிய வார்த்தை. 'கண்ணு' என்று மெதுவாகச் சொல்வதா, 'கண்ணம்மா' என்று இழுத்துச் சொல்வதா என்பதில்தான் குழப்பம்.

காலையில் சாப்பிட்டு முடித்த கையோடு போன் அடித்தது. தலைமை நர்ஸ், மேட்ரன்.

"என்னம்மா, லீவா? நல்லா ரெஸ்ட் எடு. நான் சும்மாதான் கூப்பிட்டேன். மத்தியான ஷிஃப்டுக்கு வார்டுல ஆளே இல்ல. நான் உன்ன வான்னு சொல்லல. சின்ன சிஸ்டர் நேத்து ராத்திரி வந்தவ இன்னும் நின்னுக்கிட்டிருக்கா, பாவம், உக்காந்தா தூங்கிடுவேன்னு உக்காரக்கூட மாட்டேங்கறா. அதையும் சும்மா ஒரு தகவலுக்குத்தான் சொல்றேன்."

"ச..." என்று ஆரம்பித்துவிட்டாள். எதிரே மகள் சோப்பு டப்பாவோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. பையை மாட்டிக்கொள்ளத் தயாராகத் தோளைக்கூடச் சாய்த்துவிட்டது.

"இன்னிக்கு... இன்னிக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டங்க மேடம்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மேட்ரனுக்கு அழுகை வந்திருக்குமோ என்று இவளுக்குப் பயமாகப் போய்விட்டது.

"மறுக்கறியா?" என்றார் மேட்ரன். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "தாராளமா மறு. அது ஒன் உரிமை. நேர்ல வந்து மறுத்துட்டுப் போயிடு. யூனிபார்ம்ல வா."

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "வர முடியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு வரணும்? நீ போகாத. போன ஆஃப் பண்ணு."

"சின்னவ நேத்து ராத்திரிலேர்ந்து நிக்கறாளாங்க."

"நீயும்தான் போன வாரம் நின்ன. யாராவது வந்தாங்களா?"

"சொல்லிட்டு வந்துடறேன். ஒரு நிமிஷ வேலை. நீங்க குட்டியக் கூட்டிட்டு நேரா கிளினிக்குக்குப் போயிடுங்க, நான் அங்கிருந்தே வந்துடறேன்." சொல்லிக்கொண்டே சீருடையை மாட்டினாள். சீருடையை மாட்டும்போதே மனசு உறுத்தியது. வேலைக்குப் போகாததற்கு உறுத்தியதா, மகளை விட்டுப் போவதற்கு உறுத்தியதா என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே உறுத்தட்டும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மறுப்பு அறையின் கதவில் 'அமைதி இல்லம்' என்று எழுதியிருந்தது. சுவரில் சூரிய உதயம் வரைந்திருந்தார்கள். உட்கார்ந்தால் இடுப்பு வரை உள்ளே போய்விடுகிற மெத்தை நாற்காலிகள். அதிலிருந்து தானாக எழுந்திருக்க முடியாது, யாராவது கை கொடுக்கவேண்டும். எதிரே மனச்சாட்சி அலுவலர் உட்கார்ந்திருந்தார். மனிதவளப் பிரிவிலிருந்து புதிதாகப் பதவி உயர்வு பெற்ற இளைஞர், கனிந்த முகம். முன்னால் காகிதக் கைக்குட்டைப் பெட்டி.

"வாங்க சிஸ்டர். தண்ணி குடிங்க. யார் தவறிட்டாங்க?"

"யாரும் தவறல சார்."

அலுவலர் பேனாவை மூடிவிட்டார். இப்படி ஒரு பதிலுக்கு அவருக்குப் பயிற்சி அளிக்கப்படவில்லை. "யாருமேவா? தூரத்துச் சொந்தத்துலகூட?"

"பொண்ணுக்குக் காது கேக்கற மிஷின் இன்னிக்குத்தான் ஆன் பண்றாங்க. நாலு மணிக்கு. நான் எதிர்ல இருக்கணும்."

"கேக்கவே ரொம்ப சந்தோஷமா இருக்கு சிஸ்டர். எமோஷனலா இருக்கு." அவர் உண்மையாகவே கைக்குட்டை ஒன்றை எடுத்துக் கண்ணோரம் ஒற்றிக்கொண்டார். "ரத்தம் ஏதாவது வருதா?"

"யாருக்கு?"

"காதுல."

"இல்லைங்க சார்."

"ஜுரம், மயக்கம்? அப்ப இது அவசரம்கிற பிரிவுல வராது. மகிழ்ச்சிங்கிற பிரிவுல வரும். மகிழ்ச்சிக்கு நம்ம கொள்கைல எடமே இல்லாம இல்ல. தள்ளிப்போடக்கூடியதுன்னு ஒரு எடம் இருக்கு. நான் தப்பா சொல்லல சிஸ்டர், நாலு வருஷம் பொறுமையா இருந்த கொழந்தை, இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டாளா? சுவிட்ச யார் போட்டா என்ன, லைட்டு எரியத்தானே போகுது?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார். "இப்ப பதில் வேண்டாம். மொதல்ல மூச்சுப் பயிற்சி. கண்ண மூடுங்க. மூச்ச இழுக்கும்போது 'என் நோயாளி'ன்னு நெனைங்க. விடும்போது 'என் சுயநலம்'னு நெனைங்க. மெதுவா."

அவள் கண்ணை மூடி இழுத்து இழுத்து விட்டாள். ஒழுங்காகத்தான் செய்தாள், எதைச் சொன்னாலும் ஒழுங்காகச் செய்வது அவள் பழக்கம். கண்ணைத் திறந்தபோது அலுவலரும் கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பித் தன்னைக் கை கொடுத்துத் தூக்கிவிடச் சொல்ல அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அதில் கணிசமான நேரம் போனது. சுவர்க் கடிகாரத்தை நிர்வாகம் அந்த அறையில் மாட்டவில்லை, மன அமைதிக்குக் கெடுதல் என்று.

அடுத்தது டைரக்டரின் நன்றி நவிலல். மறுப்பவர் ஒவ்வொருவருக்கும் டைரக்டர் நேரில் நன்றி சொல்லவேண்டும் என்பது விதி. டைரக்டருக்கு வேலை அதிகம் என்பதால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கவேண்டும். அவள் உட்கார்ந்தாள். மணி ஒன்றைத் தாண்டியது. உள்ளே டைரக்டரைத் தவிர யாருமில்லை என்பது கதவிடுக்கில் தெரிந்தது. நன்றி உரையைத் தனியாகப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டதும் அவர் எழுந்து நின்றே வரவேற்றார். பெரிய மனிதர், வெள்ளைச் சட்டை, பேச்சுக்கு இடையில் நெஞ்சைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம்.

"சிஸ்டர், இது ஒரு ஆஸ்பத்திரி இல்ல. இது ஒரு குடும்பம். குடும்பத்துல அம்மா லீவு கேப்பாளா? கேக்க மாட்டா. ஏன்? அவளுக்குச் சம்பளம் இல்ல. உங்களுக்கு நாங்க சம்பளமும் குடுத்து அம்மாவாவும் வெச்சிருக்கோம். எத்தன பேருக்கு இந்தக் குடுப்பினை கெடைக்கும்? போன வருஷம் போர்டு மீட்டிங்ல இன்னும் கொஞ்சம் நர்ஸுங்கள வேலைக்கு எடுத்துடலாம்னு ஒருத்தர் சொன்னார். நான்தான் எழுந்து தடுத்தேன். ஆள் நெறைய இருந்தா தியாகத்துக்கு எங்க சார் எடம்னு கேட்டேன். கைதட்டினாங்க. அந்தப் பணத்துலதான் அந்த அமைதி இல்லத்தையே கட்டினோம். உங்களுக்காக."

"சார், நாலு மணிக்கு என் பொண்ணு..."

"தெரியும், தெரியும். மறுக்கறது உங்க உரிமை சிஸ்டர். அந்த உரிமைய நாங்க எங்க கண்ணு மாதிரி பாதுகாக்கறோம். யாரும் எடுத்து உபயோகிச்சு வீணாக்கிடக் கூடாதுன்னு அவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்." நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு கட்டம்தான். யார மறுக்கறோம்னு தெரிஞ்சுக்காம மறுக்கறது மனிதத்தன்மை இல்ல. வார்டுக்குப் போய் ஒரு தடவ கேட்டுக்குங்க. கேட்டுட்டு நேரா வீட்டுக்குப் போங்க. ஆசீர்வாதம்."

ஒரே ஒரு கட்டம் என்று கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது. மணி ஒன்றே முக்கால். ஓட்டமும் நடையுமாக மாடிக்கு ஏறினாள். வார்டு வாசலில் மேட்ரன் நின்றிருந்தார், பின்னால் சின்ன சிஸ்டர். கண்கள் சிவந்து, தோள் சுவரில் சாய்ந்து, இடுப்பில் மருந்து அலமாரிச் சாவிக்கொத்து தொங்க, உள்ளங்கையில் பேனாவால் எழுதிய எண்கள் வியர்வையில் கலைந்திருந்தன.

இங்கே நர்ஸ்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஷிஃப்ட் முடிந்து போகிறவள் வருகிறவளிடம் கட்டில் கட்டிலாக நின்று நோயாளிகளின் நிலையை ஒப்பித்துவிட்டுத்தான் போகவேண்டும். இதற்கு ஓவர் கொடுப்பது என்று பெயர், கேட்டுக்கொள்வது ஓவர் எடுப்பது. எல்லாம் கேட்டுமுடித்ததும் ஓவர் எடுப்பவள் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாள்: யாருக்காவது மருந்து அலர்ஜி இருக்கா? அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் முடிந்தது. பதிலும் சாவியும் கைமாறும். அந்த நொடியிலிருந்து அத்தனை நோயாளிகளும் கேட்டவளின் பொறுப்பு, இன்னொருத்திக்கு ஓவர் கொடுக்காமல் அவள் அந்த வார்டை விட்டு நகரமாட்டாள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. வீடு பற்றி எரிந்தாலும் மீறமாட்டார்கள், அவ்வளவுதான்.

"ஓவர் எடுக்க வேண்டாம்மா. சும்மா கேட்டுக்கோ போதும்," என்றார் மேட்ரன்.

சின்ன சிஸ்டர் ஆரம்பித்தாள். தூக்கக் கலக்கத்தில் குரல் ஏறி இறங்கியது. முதல் கட்டில், வயிற்று ஆபரேஷன், தையல் நன்றாக இருக்கிறது, சலைன் பாதி போயிருக்கிறது. பக்கத்துக் கட்டில், சர்க்கரை, காலையில் அளவு இறங்கிப்போய், குளுக்கோஸ் கொடுத்துச் சரிசெய்தது. ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மூச்சுத் திணறல், ஆக்சிஜன் ஓடுகிறது, குறும்பு அதிகம். கடைசிக் கட்டிலில் ஒரு அம்மாள், சாயங்கால ஊசி தவறவே கூடாது. சரிங்க சிஸ்டர் முதலில் மகளை நினைத்துக்கொண்டுதான் கேட்டாள். இரண்டாவது கட்டிலில் புருவம் சுருங்கியது. மூன்றாவதில் கை தானாகப் பையிலிருந்து பேனாவை எடுத்தது. கடைசிக் கட்டிலுக்கு வரும்போது உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான்க்கா," என்றாள் சின்னவள்.

"யாருக்காவது அலர்ஜி இருக்கா?"

கேட்டது தன் வாய்தான் என்பது கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சின்னவளும் யோசிக்கவில்லை. "டிரைவர் தாத்தாவுக்கு மட்டும் பென்சிலின் ஆகாது," என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கும் புரிந்தது.

"ஐயோ அக்கா! நான் வேணும்னு பண்ணல. கை பழக்கத்துல..."

"போ. வீட்டுக்குப் போய்த் தூங்கு," என்றாள் இவள். அதைத் தவிர அந்தப் பெண்ணிடம் வேறென்ன சொல்வது?

மேட்ரன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் கட்டாயப்படுத்தினேனா?" என்றார். இல்லைதான்.

சலைன் மாற்றினாள், சர்க்கரை பார்த்தாள், தையலைப் பார்த்தாள். மணி மூன்றைத் தொட்டது. கிளினிக் பஸ்ஸில் அரை மணி தூரம். போன் அடித்தது.

"எங்க இருக்க?" கணவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அந்தம்மா வந்துட்டாங்க. நமக்கு முன்னாடி ஒரே ஒரு கொழந்தைதான். முடிச்சதும் வண்டி ஏறணுமாம். குட்டி வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கா."

"ஓவர் எடுத்துட்டேங்க."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். அவர் திட்டவில்லை. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் பேசுவதைப் போல, "சரி, பதறாத. யோசி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மகள்மேல் பாசமில்லாதவள் நான்தான், நோயாளிமேல் அக்கறையில்லாதவளும் நான்தான், இப்படி ஒரே ஆள் இரண்டு பக்கமும் குற்றவாளியாக இருக்க முடியுமா என்று நினைத்தாள். முடிந்தது.

"அந்த மீட்டர மூணு தடவ பாத்துட்டியேம்மா," என்றார் பஸ் டிரைவர், ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி. அவள் விஷயத்தைச் சொன்னாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"போயேம்மா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

"நீங்க ஓட மாட்டீங்க தாத்தா. உங்க மூச்சு ஓடிடும். மாஸ்க்க போடுங்க."

"பஸ்ஸ நடு ரோட்டுல விட்டுட்டுப் போக முடியாதுதான்," என்று ஒத்துக்கொண்டு அவர் முகமூடியைப் போட்டுக்கொண்டார். "ஆனா இன்னொரு டிரைவர் ஏறி ஸ்டியரிங்க பிடிச்சுட்டா நான் எறங்கிடுவேன். அவன் யாரா இருந்தா எனக்கென்ன?" முகமூடிக்குள் பேசியதால் அவளுக்குப் பாதிதான் விளங்கியது.

சற்று நேரத்தில் மேட்ரன் மறுபடி வந்தார். கூடவே மனச்சாட்சி அலுவலரும் கேமராவுமாக. கடைசிக் கட்டம் வரை வந்து மனம் மாறியவர் என்ற தலைப்பில் வரவேற்பறைக்குப் புதிய படம் எடுக்கவேண்டுமாம்.

"பக்கத்துல நில்லும்மா. சிரி," என்றார் மேட்ரன். சிரிப்பு வரவில்லை. அவளைக் கொஞ்சம் சகஜமாக்குவோம் என்று மேட்ரனே பேச்சுக் கொடுத்தார். "எல்லாரும் எப்படியிருக்காங்க? மொதக் கட்டில் என்ன?"

"வயித்து ஆபரேஷன் மேடம். தையல் நல்லாருக்கு. சலைன் புதுசு போட்டிருக்கேன்." அவள் கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மேட்ரனின் முகத்தைப் பார்த்தாள். புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது.

அந்தச் சுருக்கம் அவளுக்குத் தெரிந்ததுதான், ஓவர் எடுக்கிறவளின் சுருக்கம். கேட்காமலேயே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். "இவங்களுக்கு சர்க்கரை. காலைல எறங்கிடுச்சு, இப்ப பரவால்ல. மறுபடி ஒரு தடவ பாக்கணும்." மேட்ரன் கூடவே நகர்ந்தார். "எத்தன மணிக்கு?" என்றார். அலுவலர் கேமராவுடன் பின்னால் வந்தார். "இவருக்கு ஆக்சிஜன். மாஸ்க்க அடிக்கடி கழட்டிடறார்." மேட்ரனின் கை கோட்டுப் பைக்குள் போய்ப் பேனாவோடு வெளியே வந்தது. பல வருடங்களாகக் கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே எடுத்த பேனா. கடைசிக் கட்டிலில் சாயங்கால ஊசியைப் பற்றிச் சொன்னபோது மேட்ரன் மோதிரத்தைத் திருப்பிவிட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"அவ்வளவுதான் மேடம்."

வார்டு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஓவர் கேட்டுக்கேட்டு நோயாளிகள் அத்தனை பேருக்கும் அடுத்த வரி மனப்பாடம். மேட்ரன் உள்ளங்கையை ஒரு முறை பார்த்துச் சரிபார்த்தார்.

"அலர்ஜி யாருக்காவது?"

"டிரைவர் தாத்தாவுக்குப் பென்சிலின் ஆகாது மேடம்." சாவிக்கொத்து மேட்ரனின் கையில் விழுந்தது. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன.

"கேட்டுட்டாங்கடா!" என்று முகமூடிக்குள்ளிருந்து கத்தினார் டிரைவர்.

மேட்ரன் தன் கையைப் பார்த்தார். முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது. "இது செல்லாது! நான் நிர்வாகம்! நான் சும்மா கேட்டேன்!"

"நானும் சும்மாதான் மேடம் கேட்டேன்," என்றாள் சரிங்க சிஸ்டர். கிண்டலாகச் சொல்லவில்லை, அழுகிற குரலில்தான் சொன்னாள். "நான் உங்களக் கட்டாயப்படுத்தல மேடம். சாவி வேண்டாம்னா திருப்பிக் குடுத்துடுங்க, நான் இருக்கேன்."

அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். உண்மையிலேயே கொடுத்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். மேட்ரன் கையைப் பாதி நீட்டினார். அப்போது முதல் கட்டிலின் அம்மாள், "சிஸ்டர், இங்க கொஞ்சம் வலிக்குது," என்றாள். மேட்ரன் சட்டென்று திரும்பி, "இதோ வந்துட்டேம்மா," என்றார். சொன்ன பிறகு ஒரு நொடி அப்படியே நின்றார். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். போகும்போது, திரும்பிப் பார்க்காமல், "பஸ்ஸுக்கு நிக்காத. ஆட்டோல போ," என்றார்.

மனச்சாட்சி அலுவலர் யாரைப் படம் எடுப்பது என்று தெரியாமல் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆட்டோ முழுக்க அவள் நினைத்துக்கொண்டு வந்தது மேட்ரனின் முழங்காலைத்தான். மாடி ஏறவே சிரமப்படுவார். சாயங்காலம் வரை எப்படி நிற்பார்? திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு தெருமுனையில் தோன்றியது. ஆட்டோக்காரரிடம் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

கிளினிக்கில் ஆடியாலஜிஸ்ட் அம்மா பெட்டியைப் பாதி கட்டியிருந்தார். கணவர் வாசலை மறித்துக்கொண்டு, கதவு பழுது என்று ஏதோ காரணம் சொல்லி, இல்லாத பழுதை ஸ்குரூ டிரைவரால் சரிசெய்துகொண்டிருந்தார். சீருடையோடு அவளைப் பார்த்ததும் பழுது சரியாகிவிட்டது.

மகளை அவள் எதிரே உட்காரவைத்தார்கள். கருவியைக் காதுக்குப் பின்னால் ஒட்டி, கம்பியைக் கணினியில் இணைத்தார்கள். "இப்ப ஆன் பண்றேன். நீங்க பேசுங்க. மெதுவா, ஏதாவது."

அவள் 'கண்ணு' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

போன் அடித்தது.

குழந்தையின் உடம்பு தூக்கிப்போட்டது. கண்கள் விரிந்தன. கை காதை நோக்கிப் போயிற்று. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்பியது. அம்மாவின் சீருடைப் பையைப் பார்த்தது. வாய் கோணி அழப்போனது, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நின்றது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள்.

பழக்கதோஷத்தில் போனை எடுத்தாள். டைரக்டர்.

"சிஸ்டர், மேட்ரன் வார்ட விட்டு வெளிய வரமாட்டேங்கறாங்க. எல்லாருக்கும் போன் பண்ற ஆளே அவங்கதான், அதனால நானே பண்ண வேண்டியிருக்கு. பாவம், அவங்களுக்கு முட்டி வலி. நான் உங்கள வான்னு சொல்லல..."

முட்டி வலி என்றதும் அவள் வாய் பழக்கப்படி தானாகத் திறந்தது. எதிரே மகள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பழைய வார்த்தைக்காகக் காத்திருந்தது. தோளைக்கூடச் சாய்த்துவிட்டது, பை மாட்டிக்கொள்ள.

"முடியாது," என்றாள்.

குழந்தையின் தோள் நிமிர்ந்தது. அம்மாவின் உதட்டில் இதுவரை பார்த்திராத வடிவம், அதோடு கூடவே ஒரு சத்தம். அது கையை நீட்டி அம்மாவின் வாயைத் தொட்டது. இன்னொரு தடவை என்று விரலால் தட்டியது.

"என்ன சொன்னீங்க சிஸ்டர்?" என்றார் டைரக்டர். "ஹலோ? சரியாக் கேக்கலையே."

"முடியாது," என்று மகளின் முகத்தைப் பார்த்து நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். மகள் வாய்விட்டுச் சிரித்தது. தன் சிரிப்புச் சத்தம் தனக்கே கேட்டதும் திடுக்கிட்டு நிறுத்தியது. பிறகு மறுபடி சிரித்துப் பார்த்தது.

"ஹலோ? கேக்கவே இல்லையே சிஸ்டர்," என்று போன் சொல்லிக்கொண்டிருந்தது.